எரியாத கட்சியின் மகள்

இப்போதுள்ள பிள்ளைகளிடம் எதிர்க்கட்சி என்று சொன்னால் மேடை, ஒலிபெருக்கி, தேர்தல் என்றுதான் நினைக்கிறார்கள். என் வயதுக்காரர்களே, நமக்கு அப்படியா? நமக்கு அது மாசி மாதத்துச் சொல். மூன்றாம் பிறை கண்டதும் கோயிலடியில் ஆமணக்குக் கொம்பும் கரும்பும் வைக்கோலும் சுற்றிக் காமன் கம்பம் நடுவார்களே, அன்றைக்குப் பிறந்து பௌர்ணமியன்று செத்துப்போகிற சொல்.

எதிர்த்து நிற்கிறவர்களுக்கு, ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகக் குடியிருந்த நம் தேயிலைத் தோட்ட லயங்களில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அவர்களைக் குறிக்கும் சொற்களுக்கும் பஞ்சமில்லை. எவர் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கமாட்டோமோ அவர் பகையாளி. கலியாணத்தில் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டு, பாகம் பிரிக்கும்போது முறைத்துக்கொள்கிறவர் பங்காளி. பக்கத்து நிரையில் நம்மை முந்திக் கொழுந்து பறிக்கிறவள் போட்டிக்காரி. பதுளைக் கோர்ட்டுக்குப் போய் வந்தவர்கள் மட்டும் கூண்டில் நின்றவனை எதிரி என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை லயத்துக்குள் சொன்னாலே எங்கள் அம்மா திரும்பித் துப்புவாள்.

எதிர்க்கட்சிக்காரர் இவர்களில் யாருமில்லை. எங்கள் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலே, மானாப்புல் மலைக்கு அடியில் இருந்தது. மேல் லயம் எரியாத கட்சி, கீழ் லயம் எரிந்த கட்சி. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தது மெய்தான், ஆனாலும் காமன் எரியவில்லை, எரிந்திருந்தால் உலகத்தில் பூ ஏது, பிள்ளை ஏது என்று பாடி நிலைநாட்டுவது ஒரு கட்சி. எரிந்தான், சாம்பலானான், ரதி அழுததை ஊரே பார்த்தது என்று பாடுவது மற்றது. சாயங்காலம் தோறும் கம்பத்துக்கு முன்னால் ஒருவர் கேள்வி போட்டுப் பாட, மற்றவர் பதில் பாடவேண்டும். பதில் வராமல் நின்றவர் கட்சி தோற்றது. ஜெயித்த பாட்டுக்காரருக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். தோற்ற கட்சி ஆட்கள்தான் பௌர்ணமியன்று எரிப்பதற்கு விறகு சுமக்கவேண்டும். விறகு என்ன பெரிய பாரமா? இல்லை. ஆனால் அடுத்த மாசி வரைக்கும் கொழுந்து மலையில் கேலி தாங்க முடியாது.

எங்கள் அய்யாதான் எரியாத கட்சிப் பாட்டுக்காரர். வட்ட வளையத்தில் உடும்புத் தோல் கட்டிய டேப்பு ஒன்று வைத்திருந்தார். பாடுவதற்கு முன் அதை அடுப்பில் காட்டிச் சூடேற்றுவார். அந்தத் தோல் வாசனையும் அடுப்புப் புகையும் சேர்ந்து வரும்போது நான் எங்கிருந்தாலும் அடுப்படிக்கு ஓடி வந்துவிடுவேன். அய்யாவின் குரல் நல்ல குரல் என்று சொன்னால் அது மகள் சொல்கிற பொய். கரகரப்புத்தான். ஆனால் நின்ற நிலையில் பாட்டுக் கட்டுவார். கீழ் லயத்துக்காகப் பாடிய எதிர்க்கட்சிக்காரருக்கோ குரல் மலையில் மோதித் திரும்பி வரும். மனைவியை இழந்தவர். என் வயதில் ஒரே மகள்.

கம்பம் நட்ட அன்றே இரண்டு பேர் மணிக்கட்டிலும் காப்புக் கட்டிவிடுவார்கள். அதை அவிழ்க்கும் வரை அவர்கள் பாட்டில்தான் பேசிக்கொள்ளலாம், வாயால் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒருவர் கையால் மற்றவர் தண்ணீர்கூட வாங்கக்கூடாது. எங்கள் தோட்டத்து வழக்கம் அது. மற்றத் தோட்டங்களில் எப்படியோ எனக்குத் தெரியாது.

பெரியவர்கள் பதின்மூன்று நாளைக்குப் பேசாமல் இருந்தார்கள் என்றால், பிள்ளைகள் நாங்கள் நிஜமாகவே சண்டை போட்டோம். நான் சொல்ல வந்த வருடம் எனக்கு ஒன்பது முடிந்து பத்து. அரைப்பேர் போட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, என்றால் எங்களுக்குப் பாதி, அவ்வளவுதான். எதிர்க்கட்சிக்காரர் மகளும் அரைப்பேர்தான். ஒருநாள் நிரையில் நின்றுகொண்டு, "ஒங்கய்யா பாடுறது தவள கத்துறாப்புல இருக்குன்னு எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய் அவள் முழங்கைக்கு மேலே கடித்தேன். நன்றாகவே கடித்தேன். கங்காணி இரண்டு பேர் காதையும் திருகினார். அந்தச் செய்தி இரண்டு லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மா திட்டினாள். அய்யா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் என்னைப் பார்த்துப் பெருமைப்படுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போனேன். ஓடைக்கு மேலே ஒரு தட்டைப் பாறை உண்டு. அதன் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், எங்கள் அய்யா வெற்றிலையைக் கிழித்துப் பாதியை எதிர்க்கட்சிக்காரர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் இதக் கேப்பேன் மச்சான். நீ ஒடனே பதில் சொல்லிராத. கொஞ்சம் தெணறு. எல்லாரும் நீ தோத்துட்டேன்னு நெனைக்கட்டும். அப்பறம் எடு" என்றார் அய்யா.

"எடுக்குறது சரி. எதைன்னு சொல்லு. எனக்கு எங்க பாட்டுக் கட்ட வருது?"

அய்யா அவருக்கு அடியெடுத்துக் கொடுத்தார். அவர் அதை மெதுவாகப் பாடிப் பார்த்தார். அய்யா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்படி ஒரு முகத்தை நான் வீட்டில் கண்டதில்லை.

எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு லயமும் எழுந்து நின்று கேட்ட கேள்வி, பதில், திணறல், எல்லாம் இந்தப் பாறையில் வெற்றிலை மென்றுகொண்டு கட்டியதா? எரியாத கட்சிக்காக நான் ஒருத்தியைக் கடித்துவேறு வைத்திருக்கிறேன். விறகில்லாமல் வீட்டுக்குப் போய் அதற்கும் திட்டு வாங்கினேன். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அய்யாவின் தலைப்பாகையைக் கீழே தட்டிவிடுவார்கள் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் எதிர்க்கட்சிக்காரர் ஒரு பாட்டை எடுத்தார். 

நாளைப் பொழுது சாயுமுன்னே நானெரித்துக் காட்டுவேன்
நாலு திக்கும் புகையெழும்ப நாதன் கண்ணைத் திறந்துவைப்பேன்

கீழ் லயத்துக்காரர்கள் துண்டைத் தூக்கி வீசினார்கள். எங்கள் கங்காணி முகம் கறுத்துவிட்டது. பாட்டுத் தெரியாத கணக்கப்பிள்ளை ஒருவர், புதிதாக வந்தவர், ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு அடியும் அய்யா கட்டியவை. பாறைக்குப் பின்னால் நின்று முதல் நாளே கேட்டிருந்தேன். ஆமாம், மறுபடியும் போனேன். ஒருமுறை ஒட்டுக்கேட்டவளுக்குக் கால் அங்கேயேதான் போகும்.

மறுநாள், பண்டிகைக்கு முந்தின நாள் என்று அரை நாளோடு வேலையை நிறுத்தினார்கள். நான் விறகுக் கயிற்றை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போய்விட்டேன். இரண்டு பேரும் இருந்தார்கள். கடைசி நாள் பாட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காற்று. மானாப்புல் எல்லாம் காய்ந்து சரசரவென்று இருந்தது. முதலில் வாசனைதான் வந்தது. பிறகு ஸ்டோர்ப் பக்கத்தில் கரும்புகை எழுந்தது. தேயிலை வாட்டுகிற ஸ்டோருக்குப் பின்னால் மலை மாதிரி விறகு அடுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் எரிந்தது. தப்பு அடித்து ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

இருவரும் எழுந்துவிட்டார்கள். அய்யா அவர் கையைப் பிடித்தார்.

"சேந்து போக வேணாம் மச்சான். நான் முன்னால லயத்து வழியா ஓடுறேன். நீ கொஞ்சம் பொறுத்து ஸ்டோருக்குப் பின்னால சுத்தி வா."

அப்படித்தான் நடந்தது. அய்யா மற்றவர்களோடு சேர்ந்து வாளி தூக்கினார். எதிர்க்கட்சிக்காரர் பின்னால் வந்தார். தீக்குப் பின்னாலிருந்து, புகைக்குள்ளிருந்து, தனியாக அவர் வெளியே வந்ததை ஐம்பது பேர் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளையும் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் எரிப்பேன் என்று பாடியவன், இன்று பொழுது சாயுமுன்னே இங்கிருந்து வருகிறான். கணக்கப்பிள்ளை துரை பங்களாவுக்கு நடந்து போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குப் பாட்டு இல்லை. அய்யா சாப்பிடவில்லை. டேப்பை எடுத்துத் தோலைத் தடவிவிட்டு மறுபடியும் ஆணியில் மாட்டினார். அம்மாவுக்கு அப்போது மாதம் நெருங்கியிருந்தது. "பாட்டுக்கு யாராச்சும் ஆளைப் புடிப்பாங்களா?" என்று அவள் கேட்டாள். "அதெல்லாம் பேசாத" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் சொல்லிவிடுவார் என்று முழுதாக நம்பினேன்.

காலையில், ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் துரை வந்து நின்றார். எல்லோரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றோம். அரைப்பேர் வரிசையில் எனக்குப் பக்கத்தில் எதிர்க்கட்சிக்காரர் மகள் நின்றாள். அவள் பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. எதிர்க்கட்சிக்காரரை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். கையில் காப்பு அப்படியே இருந்தது.

துரை பேசினார், கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். "தீப்புடிச்ச நேரம் இவன் எங்க இருந்தான்? பாத்தவங்க யாரு? பாத்தவங்க இல்லைன்னா ரெண்டுல ஒண்ணு. பதுளைக் கோட்டுக்குப் போகணும். இல்ல, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள துண்டு இல்லாம தோட்டத்த விட்டுப் போகணும்."

துண்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள் என்று சொல்கிறேன். ஒரு தோட்டத்திலிருந்து கொடுக்கிற அந்தச் சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் யாரும் ஆளைச் சேர்க்கமாட்டார்கள். துண்டில்லாதவன் ரோட்டில் நிற்கவேண்டியதுதான்.

கீழ் லயத்திலிருந்து யாரும் முன்னால் வரவில்லை. அவர்களில் யாரும் அவரைப் பார்க்கவில்லையே, எப்படிப் பார்த்திருப்பார்கள்? அப்போதுதான் எங்கள் கங்காணி வாயைத் திறந்தார். "எங்க பாட்டுக்காரனக் கேளுங்க தொரை. இத்தன நாளா இவனோட எதுத்து நின்னவன். இவன் போக்கு அவனுக்குத்தான் தெரியும்."

அவருக்கு எதிர்க்கட்சியை மட்டம் தட்டவேண்டும், அவ்வளவுதான். அய்யாவை முன்னால் வரச்சொன்னார்கள்.

"நேத்து மத்தியானத்துக்கு மேல இவனப் பாத்தியா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

எதிர்க்கட்சிக்காரர் அய்யாவைப் பார்த்தார். அய்யா தரையைப் பார்த்தார்.  சொல்லுங்க, சொல்லுங்க என்று எனக்குள்ளே நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"பாக்கலைங்க" என்றார் அய்யா.

பக்கத்தில் அவள் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தைரியமா, கோபமா என்றும் தெரியவில்லை.

"பாத்தாரு. எங்கய்யாவும் அவரும் ஓடைப் பாறையிலதான் இருந்தாங்க. தீப்புடிச்சப்ப ரெண்டு பேரும் அங்கதான் இருந்தாங்க. நான் பாத்தேன்."

கணக்கப்பிள்ளை துரையிடம் ஏதோ சொன்னார். துரை என் பக்கம் திரும்பினார், பிறகு அய்யா பக்கம் திரும்பினார். அவரே கரடுமுரடான தமிழில் கேட்டார். "இந்தப் புள்ளை பேசுறது நெசமா?"

அய்யா என்னைப் பார்க்கவில்லை. "பொய் சொல்லுதுங்க. அந்தக் கீழ் லயத்துப் புள்ளையோட சேந்துக்கிட்டு, அதுக்குப் பாவம் பாத்துச் சொல்லுது."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நாங்கள் சேர்ந்துகொண்ட லட்சணம் அவர்களுக்குத் தெரியும். அவள் கையில் என் பல் பதிந்த தடம் இன்னும் மாறவில்லை. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் யாராவது ஒருத்தி அதைச் சொல்லியிருப்பாள். அதற்குள் எதிர்க்கட்சிக்காரர் பேசிவிட்டார்.

"ஆமாங்க தொரை. சின்னப் புள்ள, தெரியாம பேசுது. நான் தனியாத்தான் இருந்தேன். அந்தாளோட எனக்கு என்ன பேச்சு? நாங்க எதுத்த கட்சிங்க. மத்தியானத்துக்குள்ள போயிர்றேன்."

என்னை இரண்டு பேரும் சேர்ந்து பொய்க்காரி ஆக்கினார்கள். அவர்கள் சேர்ந்து கட்டிய பாட்டுக்களில் அதுதான் கடைசி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "நெசமாடி?" என்று ஒரே வார்த்தை கேட்டாள். தலையாட்டினேன். அவள் அடுப்பை மூட்டி, இருந்த கேப்பை மாவு முழுவதையும் ரொட்டியாகச் சுட்டாள். துணியில் கட்டி என்னிடம் கொடுத்துக் கீழ் லயத்துக்கு அனுப்பினாள். அய்யா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். 

அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் கட்டுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஒரு சட்டி, இரண்டு கம்பளி, ஒரு பாய். எதிர்க்கட்சிக்காரர் வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவர் மகள் ரொட்டியை வாங்கிக்கொண்டாள். 

"ஒங்கப்பா ஏன் அப்படிச் சொன்னாரு?" என்றேன்.

"நானும் கேட்டேன். சேந்து இருந்தோம்னா சேந்து வச்ச தீன்னு சொல்லிருவாங்களாம், ரெண்டு குடும்பம் போறதுக்கு ஒண்ணு போனாப் போதுமாம். ஒங்கம்மாவுக்கு மாசமாம். துண்டில்லாம ரோட்டுல புள்ள பெத்துக்க முடியுமான்னு கேட்டாரு." ரொட்டி மூட்டையை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "ஒன் மேல எங்களுக்குக் கோவம் இல்ல."

பூனாகலைப் பக்கம் போவதாக யாரோ சொன்னார்கள். ரோட்டு வேலைக்குப் போனதாக இன்னொருவர் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஸ்டோர் அடுப்புச் சாம்பலைச் சூடாகவே புல்லில் கொட்டி மறுபடியும் தீ எழுந்தபோதுதான் முதல் தீக்கும் அதுவே காரணம் என்று துரைக்கு விளங்கியது. சாம்பலுக்குக் குழி வெட்டினார்கள். போனவர்களைத் தேடி யாரும் ஆள் அனுப்பவில்லை.

அவர்கள் போன அன்று பொழுது சாய்ந்ததும் கம்பத்தடியில் கூட்டம் கூடியது. எதிர்த்துப் பாட ஆள் இல்லை. அதனால் எரியாத கட்சி ஜெயித்தது என்று எங்கள் கங்காணி தலைப்பாகைத் துணியோடு வந்தார். கீழ் லயத்துக்காரர்கள் விறகு கொண்டுவந்து போட்டார்கள். அய்யா துணியைக் கையால் விலக்கினார்.

"எனக்கு வேணாம். அந்தப் பாட்டு நான் கட்டுனது. எரிப்பேன்னு அவன் பாடுனது என் பாட்டு. நேத்து அவன் என்கூடத்தான் இருந்தான். பதிமூணு நாளா அவன் பாடுன அத்தனையும் நான் கட்டிக் குடுத்ததுதான்."

 மேல் லயத்திலிருந்தே ஒருவர் சிரித்தார். "ஆளுதான் போயிட்டான்னா அவன் பாட்டையும் இவரே எடுத்துக்குறாரு." கீழ் லயத்துக் கிழவர் ஒருவர் கோபமாக எழுந்தார். "எங்காளு இருந்தா இப்படிப் பேசுவியா? காலைல பாக்கலைன்னு சொன்ன வாய்தானே இது?" அவர்களுக்கு அய்யாதானே எதிர்க்கட்சிக்காரர், அவர் வாயிலிருந்து வந்த உண்மையை யார் நம்புவார்கள்? தலைக்கனம் என்றார்கள். வயிற்றெரிச்சல் என்றார்கள். இன்னொருவர், காப்புக் கட்டிய கையோடு பொய் சொல்லாதே என்றார். கங்காணி அய்யாவின் தோளைத் தட்டி, "சரி சரி, ஜெயிச்சாச்சில்ல" என்றார்.

அய்யா சுற்றிலும் பார்த்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"ஆத்தா, நீ சொல்லு. நீ பாத்தியே. சொல்லும்மா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் சொன்னால் கீழ் லயத்துக்காரர்களாவது நம்பியிருப்பார்கள், துரையிடம் போயிருப்பார்கள், அவர்களை வழியில் மடக்கிக் கூட்டி வந்திருப்பார்கள். ஒரு பகல் தூரம்கூடப் போயிருக்கமாட்டார்கள். அவர் பயத்தில்தான் காலையில் அப்படிச் சொன்னார், அம்மாவுக்காகச் சொன்னார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரட்டுக்களத்தில் இருநூறு பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி என்றார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார் என்பது மட்டும்தான்.

"நான்தான் பொய் சொல்ற புள்ளையாச்சே. என்னை எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன்.

கூட்டம் சிரித்தது.  அய்யா, கங்காணி தலைப்பாகை கட்டுவதற்கு வசதியாகத் தலையைக் குனிந்து கொடுத்தார். கம்பத்துக்கு நெருப்பு வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கை நீட்டவுமில்லை. அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும், இந்த வயதில் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.